பட்டியல்ல பேரு இருக்கு

தம்பி, தமிழ்தானே? போன்ல "சரி, வச்சிடு"ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே கண்டுக்கிட்டேன். பக்கத்துல உட்காரலாமா? அந்த மூலையில ஏசி நேரா மண்டையில இறங்குது. வெளிய அடிக்கிற குளிர் இவங்களுக்குப் பத்தாது போல.

இப்ப உள்ள போனது உங்க வீட்டம்மாவா? நல்லபடியா வரட்டும். என் வீட்டுக்காரி ஒம்போது மணிக்கே உள்ள போயிட்டா. ராமலட்சுமின்னு பேரு. எங்க ரெண்டு பேருக்கும் இன்னைக்குத்தான் சிட்டிசன்ஷிப் இண்டர்வியூ. அவளுக்கு ஒம்போது, எனக்குப் பத்து. இப்ப மணி என்ன, ஒம்போதே முக்காலா? ஆளுக்கு இருபது நிமிஷம்தான்னு மக சொன்னா. இவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் இழுக்கும். அதான் நேரமாகுது.

நான் சீனிராஜ். சாத்தூர் பக்கம். ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். அதை விடுங்க, பள்ளிக்கூடத்துல ஆயிரம் ஹெட்மாஸ்டர் இருக்கான். நான் பதினோரு எலெக்‌ஷன்ல பிரிசைடிங் ஆபீசரா உட்கார்ந்தவன் தம்பி. பூத்துக்குள்ள நான் வச்சதுதான் சட்டம். மத்த வாத்தியாருங்க எலெக்‌ஷன் டூட்டின்னா டாக்டர் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. எனக்கு டூட்டி ஆர்டர் வரலைன்னாத்தான் சோறு இறங்காது.

அதனால சொல்றேன், இந்த ஊரு எலெக்‌ஷன் இருக்கே, பார்த்தா சிரிப்பு வரும். நாடு முழுக்க ஒரே தேர்தல் கமிஷன்னு ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். ஒரு மாநிலத்துல ஒரு மாசத்துக்கு முன்னாலயே போடலாம், இன்னொண்ணுல தபால்ல போடலாம். செவ்வாய்க்கிழமை எலெக்‌ஷன் வைக்கிறான், பாதி இடத்துல லீவும் கிடையாது. ஜனாதிபதிக்கு நேரா ஓட்டுப் போடுறோம்னுதானே நினைப்போம்? இல்ல. ஐநூத்தி முப்பத்தெட்டுப் பேரை நாம தேர்ந்தெடுக்குறோம், அந்த ஐநூத்தி முப்பத்தெட்டுப் பேரு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்குறாங்க. நாட்டுல ஜாஸ்தி ஓட்டு வாங்கினவனே தோத்துப் போகலாம். இதை என் வீட்டுக்காரிக்கு விளங்க வைக்க எனக்கு மூணு நாளாச்சு. கடைசில "அப்ப நம்மூரு யூனியன் சேர்மனைக் கவுன்சிலருங்க தேர்ந்தெடுக்குற மாதிரி"ன்னா. சரியாத்தான் சொன்னா, அதை அவகிட்ட நான் ஒத்துக்கல.

ஓட்டுச்சீட்டு இருக்கே, மாலைமுரசு அகலத்துக்கு ஒரு தாளு. ஜட்ஜுக்கு ஓட்டு, போலீஸ் அதிகாரிக்கு ஓட்டு, ஸ்கூல் போர்டுக்கு ஓட்டு. செத்தவனை அறுத்துப் பார்க்கிற அதிகாரிக்குக்கூட ஓட்டு! நான் அவருக்குத்தான் யோசிச்சு யோசிச்சுப் போட்டேன், நம்ம வயசுக்கு அவரு தயவு வேணும்ல.

ஆமா தம்பி, போட்டேன். பின்ன பார்க்காமயா இவ்வளவும் சொல்றேன்? போன எலெக்‌ஷன்ல, நானும் அவளும். வீட்டுலேருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு சர்ச்சு. நடந்தே போனோம்.

கிரீன் கார்டுதான். ஆறு வருஷமாச்சு. சிட்டிசன் ஆகத்தானே இங்க வந்து காத்துக்கிடக்கேன்? என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி ஆகுது? நீங்க நினைக்கிறது எனக்குப் புரியுது. நானா வலியப் போய்க் கேக்கல. அடையாள அட்டை வாங்க லைசன்ஸ் ஆபீசுக்குப் போயிருந்தோம். ஒரு பொண்ணு, கையெல்லாம் வளையம் வளையமா பச்சை குத்தியிருந்தா. பாஸ்போர்ட், கிரீன் கார்டு எல்லாத்தையும் அவ முன்னால வச்சேன். ஒண்ணையும் மறைக்கல. அவளே கேட்டா, வோட்டர் லிஸ்ட்ல பேரு சேர்க்கவான்னு. கேளுங்க தம்பி, நம்மூர்ல பேரு சேர்க்க ஜனங்க தாலுகா ஆபீசுக்கு நடையா நடக்கணும். இங்க வா வான்னு கூப்பிட்டுச் சேர்க்குறான். சேர்த்துடும்மான்னேன். சிலேட்டு மாதிரி ஒண்ணை நீட்டினா, கையெழுத்துப் போட்டேன். ராமலட்சுமியையும் போடச் சொன்னேன்.

அதுல என்ன எழுதியிருந்துச்சா? பொடி எழுத்துல ஏதேதோ இருந்துச்சு. அரசாங்கத் தாள்ல கையெழுத்துப் போடுற இடத்தை விரல் வச்சுக் காட்டினா போட வேண்டியதுதானே. என் சர்வீஸ்ல எத்தனை ஆயிரம் பேரைக் கையெழுத்துப் போட வச்சிருப்பேன், ஒருத்தன் படிச்சிருப்பானா? நான்தான் படிக்க விட்டிருப்பேனா, வரிசை நிக்குது வெளிய.

ஒரு மாசத்துல தபால்ல கார்டு வந்துச்சு. ரெண்டு பேருக்கும். பேரு, விலாசம், எந்த சர்ச்சுல போடணும், எல்லாம் அச்சடிச்சு. அப்புறம் என்ன? பட்டியல்ல பேரு இருக்கு தம்பி! இது உங்களுக்குத் தெரியாது, தெரியவும் நியாயமில்ல. பூத்துல உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். பட்டியல்ல ஒருத்தன் பேரு இருந்தா, அவனுக்கு வயசாச்சா, அவன் இந்த நாட்டுக்காரனான்னு பிரிசைடிங் ஆபீசர் கேக்க முடியாது. கேக்கவே கூடாது, ரூல் அப்படி. அவன்தானா இவன், அது ஒண்ணுதான் பார்க்கணும். மத்ததெல்லாம் பட்டியல் போடுறப்பவே பார்த்தாச்சுன்னு அர்த்தம். பட்டியல்தான் வேதம்.

ஆளு மாறி வந்தா விடமாட்டேன், அது வேற. ஒருதடவை ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. ஒரு பொம்பளை வந்தா. முப்பது வயசு இருக்கும், இடுப்புல பிள்ளை. சீட்டை நீட்டினா. கட்சி ஏஜெண்ட் ஒருத்தன் எந்திரிச்சு, சார் இது அந்த அம்மா இல்ல, அவ அக்காவோட ஓட்டு இதுன்னான். ரெண்டு ரூபா கட்டி ஆட்சேபணை பண்ணினான். நான் விசாரிச்சேன். "சார், எனக்குத் தெரியாது சார். சீட்டு வீட்டுக்கு வந்துச்சு, போட வந்தேன்"ன்னா. வீட்டுக்குச் சீட்டு வந்தா அது உன் ஓட்டாம்மா, கேட்டுத் தெரிஞ்சுக்க வேணாமான்னேன். போலீஸ்கிட்ட எழுதிக் குடுத்தேன். விட்டிருக்கலாம்னு போலிங் ஆபீசர் ஒருத்தரு முணுமுணுத்தாரு. தெரியாதுன்னு சொன்னா சட்டம் விட்டுருமா சார்னு அவரையும் ஒரு பிடி பிடிச்சேன். அப்புறம் ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சாளாம். பேரு... என்னவோ பேரு. ஞாபகம் வரல. அதைவிடுங்க, கலெக்டர் மீட்டிங்ல எனக்கு நல்ல பேரு.

இங்க ஏஜெண்டும் கிடையாது, விரல்ல மையும் கிடையாது. வயசான மூணு பொம்பளைங்க உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருந்தாங்க. நான் ஆள்காட்டி விரலை நீட்டிக்கிட்டு நிக்கிறேன், ஒரு அம்மா அதைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போயிட்டா! மைக்குப் பதிலா ஸ்டிக்கர். 'நான் ஓட்டுப் போட்டேன்'னு எழுதின ஸ்டிக்கர். நெஞ்சுல ஒட்டிக்கிட்டு, சர்ச்சு வாசல்ல நானும் அவளும் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டோம்.

என் வீட்டுக்காரி அன்னைக்குக் கிளம்பும்போதே இழுத்தா. செருப்பை மாட்டிக்கிட்டு, "நமக்கு இந்த ஊர்ல ஓட்டு இருக்கான்னு சுகந்திகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே"ன்னா. சுகந்திதான் எங்க மக. நர்சு வேலை. இந்த நாட்டு சிட்டிசன், அவதான் எங்களை வரவழைச்சது. எனக்குக் கோபம் வந்துடுச்சு. பதினோரு எலெக்‌ஷன் நடத்தினவன், ஓட்டுப் போடுறதுக்குப் பெத்த பிள்ளைகிட்ட அனுமதி கேக்கணுமா? உனக்கு என்னடி தெரியும், ஊர்லயும் நான் காட்டின சின்னத்துக்குத்தானே குத்தினன்னு சத்தம் போட்டேன். பின்னாலயே வந்துட்டா. அவ எப்பவும் அப்படித்தான். ஒரு தடவை கேப்பா, ரெண்டாந்தடவை கேக்கமாட்டா.

சுகந்திகிட்ட இன்னும் சொல்லல தம்பி. சிட்டிசன் ஆன அன்னைக்கு, இதுக்கு முன்னாலயே நாங்க இந்த நாட்டுல கடமையைச் செஞ்சவங்கன்னு சொல்லி அசத்தலாம்னு இருக்கேன். சிட்டிசன்ஷிப் பாரத்தைக்கூட வக்கீல்கிட்ட காட்டிக்கலாம்பான்னா. பாரம் நிரப்புறதுக்கு வக்கீலா? நானே உட்கார்ந்து, ரெண்டு பேருக்கும் ஒரே கையெழுத்துல, கருப்பு மையில, அடித்தல் திருத்தல் இல்லாம நிரப்பினேன். அதுல ஒரு கேள்வி வருது. எப்பவாவது வாக்காளர் பட்டியல்ல பேரு பதிஞ்சிருக்கீங்களா, ஓட்டுப் போட்டிருக்கீங்களான்னு. நமக்கு வேண்டிய கேள்வி! ஆமா, ஆமான்னு ரெண்டுலயும் டிக் பண்ணினேன். நல்ல நடத்தை பார்க்குறாங்கல்ல, வரி கட்டினியா, ஓட்டுப் போட்டியான்னு. அத்தாட்சி இருக்கட்டும்னு அந்த போட்டோவை ரெண்டு பிரதி போட்டு, அவ ஃபைல்ல ஒண்ணு, என் ஃபைல்ல ஒண்ணு. ஸ்டிக்கரையும் வச்சிருக்கேன்.

ஸ்டிக்கர்னு சொன்னதும் ஞாபகம் வருது, அதை எடுக்க ஒரு ரகளை. எங்க பேத்தி இனியா. பத்து வயசு. பேச்சு வராது தம்பி, அந்தப் பிள்ளைக்கு வேற மாதிரி. சத்தம் ஆகாது, புது ஆளு ஆகாது. சுகந்தி புருஷன் இதைப் பார்த்துட்டுத்தான் விட்டுட்டுப் போனான், அந்தக் கதை வேணாம். அந்தப் பிள்ளை இவ கையால ஊட்டினாத்தான் வாயைத் திறக்கும். ராமலட்சுமி கையால மட்டும்தான். சுகந்தி ஊட்டினாலும் துப்பிடும். இவ ஒருநாள் காய்ச்சல்ல படுத்துட்டா, அன்னைக்கு முழுக்கப் பல்லுல பச்சைத்தண்ணி படல. இவ எந்திரிச்சு, போர்வையைப் போர்த்திக்கிட்டு வந்து ஊட்டின பிறகுதான் வாயைத் திறந்துச்சு. ஊர்ல வீட்டை வித்துட்டு மொத்தமா வந்தது அந்தப் பிள்ளைக்காகத்தான். அந்த ரெண்டு ஸ்டிக்கரையும் அது ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்துச்சு. தினமும் காலையில விரலை வச்சுத் தடவிப் பார்க்கும். பள்ளிக்கூடத்துல குடுத்திருப்பாங்கன்னு சுகந்தி நினைச்சுக்கிட்டா போல, கேக்கவே இல்ல. நேத்து நான் பிய்ச்சு எடுத்தேன் பாருங்க, அப்படி ஒரு கத்து. தலையைச் சுவத்துல முட்டுது. ராமலட்சுமி அதை மடியில போட்டுக்கிட்டு என்னைப் பார்த்தா. "அதை எடுத்துத்தான் ஆகணுமா"ன்னா. ஒரு தடவைதான் கேட்டா.

இன்னைக்கு அவ ஃபைல்ல ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கு. ஆபீசர் கேட்டாலும் கேக்காட்டியும் எடுத்து மேஜை மேல வையின்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பியிருக்கேன். சொன்னதைச் செய்யுறவ.

அட, உங்க வீட்டம்மா வந்துட்டாங்களே! சிரிச்ச முகமா வர்றாங்க. பாஸா? வாழ்த்துகள்மா. எத்தனை நிமிஷம், பதினெட்டா? நல்லது. ஏன்மா, உள்ள நீல வாயில் சேலை கட்டி, மேல ஸ்வெட்டர் போட்டு, ஒரு அம்மா இருந்தாங்களே, பார்த்தீங்களா? தனி ரூம்ல உட்கார்ந்திருக்காங்களா? ஆபீசர் இல்லாமயா? தனியா எதுக்கு உட்கார வைக்கணும்? இங்கிலீஷ் புரியலைன்னு வேற ஆளைக் கூப்பிடப் போயிருப்பாங்க. அப்படித்தான் இருக்கும்.

கிளம்பிடாதீங்க தம்பி. அஞ்சு நிமிஷம். உங்க வீட்டம்மாவும் உட்காரட்டும். என் பேரு கூப்பிடப் போறாங்க, அதுக்கு முன்னால ஒரு தடவை கேள்வி கேட்டுவிடுங்க. இந்தாங்க, நூறு கேள்விக்கும் நானே அட்டை எழுதி வச்சிருக்கேன். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். செனட்டர் நூறு பேரு, ஆறு வருஷம். கீழ்ச்சபை நானூத்தி முப்பத்தஞ்சு, ரெண்டு வருஷம். சுப்ரீம் கோர்ட் ஜட்ஜு ஒம்போது பேரு. ஜனாதிபதி செத்தா உபஜனாதிபதி, அவரும் செத்தா சபாநாயகர். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எடுங்க, எதையாவது எடுத்துக் கேளுங்க.

என்ன தம்பி, அட்டையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க? வாசிங்க. நாற்பத்தொம்போதா? இது தண்ணி பட்ட பாடு. அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உள்ள பொறுப்பு ஒன்றைச் சொல்லவும். பதில்: ஜூரியில் பணியாற்றுவது. அல்லது, தேசியத் தேர்தலில் வாக்களிப்பது. ரெண்டுல எது சொன்னாலும் மார்க். ராமலட்சுமிக்கு ஜூரிங்கிற சொல்லு வாயில நுழையல, அதனால ஓட்டுன்னே சொல்லுன்னு...

ஓட்டுன்னே சொல்லச் சொல்லியிருக்கேன்.

குடிமக்களுக்கு மட்டும்.

இருங்க தம்பி. இருங்க. இதை நானே என் கையால எழுதினேன். எட்டு மாசமா தினமும் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவளையும் சொல்ல வச்சேன். இட்லிக்கு மாவு ஊத்திக்கிட்டே சொல்லுவா. மட்டும்னு போட்டிருக்கு. மட்டும்னா... ஆனா பட்டியல்ல பேரு இருந்துச்சே தம்பி! கார்டு வந்துச்சே! தகுதி இல்லாதவனுக்கு எதுக்குக் கார்டு அனுப்புறான்? அந்தப் பச்சை குத்தின பொண்ணு என் கிரீன் கார்டைக் கையில வச்சுக்கிட்டுத்தானே கேட்டா? அவ மேல தப்பு இல்லையா?

தப்பு அவங்க மேல இருந்தாலும் கையெழுத்து என்னுதுங்கிறீங்க. பொடி எழுத்துல நான் இந்த நாட்டுக் குடிமகன்னு இருந்திருக்குமா? இருந்திருக்குமோ. என்ன பண்ணுவாங்க, சொல்லுங்க, நீங்க இங்க ரொம்ப வருஷமா இருக்கீங்க. சிட்டிசன்ஷிப் தரமாட்டாங்க, அவ்வளவுதானே? தராட்டிப் போகட்டும். கிரீன் கார்டு போதும் எங்களுக்கு.

நாட்டை விட்டே அனுப்பிருவாங்களா?

அவளையுமா? அவ கேட்டுக்கலாம்னாளே தம்பி! நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். அதைச் சொன்னா விடமாட்டாங்களா? அந்தப் பிள்ளைக்கு யாரு ஊட்டுவா? சாயங்காலம் வந்ததும் ஃப்ரிட்ஜ்ல ஸ்டிக்கரைத் தேடும், அப்புறம் இவளைத் தேடும். பயமா இருக்கு தம்பி. மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்னு சொல்லிக்கிட்டே வந்தேன் கார்ல.

அந்த டிக்கை அழிக்க முடியாதா? முடியாது. கருப்பு மையில போட்டது. போய் வக்கீலோட வர்றேன்னு சொல்லவா? எழுந்து இப்படியே வெளிய போயிடலாம்ங்கிறீங்களா? நான் போயிடலாம். அவ உள்ள இருக்காளே. எழுபது நிமிஷமாச்சு. ஆபீசர் என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லு, ஆமான்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்தவன் நான். அந்த ஸ்டிக்கரை எடுத்து மேஜையில வச்சிருப்பா. கசங்காம, ரெண்டு கையால நீவிவிட்டு வச்சிருப்பா. நான் சொன்னேன்ல.

சுகந்திக்குப் போன் போடுங்க தம்பி. இந்தாங்க நம்பர். என்னைக் கூப்பிட்டுருவாங்க, நீங்களே பேசுங்க. என்ன சொல்றதுன்னா... உங்கப்பா ஓட்டுப் போட்டுட்டாருன்னு சொல்லுங்க. அவளுக்குப் புரியும்.

கதவு திறக்குது. என் பேருதான். சீனி ராச்னு சொல்றான், ஆனா என் பேருதான். மத்தவங்களைக் கூப்பிட ஒரு ஆளுதானே வந்தாரு? இதுக்கு ஏன் ரெண்டு பேரு நிக்கிறாங்க? கொஞ்சம் பிடிங்க, எந்திரிக்கிறேன்.

அவ தெரியுறா தம்பி. அந்த இடுக்கு வழியா, கடைசி ரூம்ல. பாருங்க, யாரோ நிக்கிறாரு, அவரைப் பார்த்துக் கையைக் கூப்பிக்கிட்டு இருக்கா. என்ன சொல்றான்னு இங்க கேக்கல. எனக்குத் தெரியும் என்ன சொல்றான்னு. தெரியாது சார்னுதான் சொல்லுவா. வீட்டுக்குக் கார்டு வந்துச்சு, போட்டோம்னுதான் சொல்லுவா.

சண்முகத்தாய்.

அந்தப் பொம்பளை பேரு சண்முகத்தாய் தம்பி. பிள்ளையைக் கீழ இறக்கி விட்டுட்டு, இப்படித்தான் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னா.